காதுக்கு வரும் கம்பி

நேரலையில் செய்தியாளர் ஒருவர் காதை விரலால் அழுத்திக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்டூடியோவில் இருப்பவர் கேள்வியை முடித்துவிட்டார். இவரோ இன்னும் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நொடி, ஒன்றரை நொடி. அப்புறம் சட்டென்று தலையாட்டி, "ஆமாம், நிச்சயமாக..." என்று ஆரம்பிக்கிறார். அந்த ஒரு நொடியை வைத்து எத்தனையோ மீம் போட்டாகிவிட்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தமிழ்நாட்டின் செய்திச் சேனல்கள் எல்லாம் அந்தச் சின்னத் தெருக்களுக்குள் வந்து நின்றன. அப்போதும் அதே விரல், அதே காது, அதே ஒரு நொடி. நான் களமருதூர்க்காரன். தென்னாற்காடாக இருந்து, 1993இல் விழுப்புரமாகி, 2019இல் கள்ளக்குறிச்சியாகிவிட்ட மாவட்டம் எங்களுடையது. அந்த வாரம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, சொல்லவே கூச்சமாக இருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்தில் ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்கிறது. அதற்கு நடுவே நிற்கும் இந்த ஆளின் காதுக்குள் வேறென்ன கேட்டுக்கொண்டிருக்கிறது?

பதில் சுலபம் போலத் தெரியும். மூன்று சமாச்சாரம்தான். ஒன்று, நிகழ்ச்சியின் ஒலி: ஸ்டூடியோவில் என்ன பேசுகிறார்கள் என்பது. இரண்டு, ஒரு இல்லாமை: அந்த ஒலியில் இவருடைய சொந்தக் குரல் மட்டும் இருக்கக் கூடாது. மூன்று, குறுக்கீடு: கன்ட்ரோல் ரூமில் ஒருவர் பொத்தானை அமுக்கினால் நிகழ்ச்சி ஒலி அடங்கி அவர் குரல் வர வேண்டும். இதற்குத் தொழிலில் ஐஎஃப்பி என்று பெயர். 'இன்டர்ரப்டிபிள் ஃபோல்ட்பேக்' என்பதன் சுருக்கம். ஃபோல்ட்பேக் என்றால் சபைக்குப் போகிற ஒலியை மடித்து மேடையில் நிற்பவருக்கே திருப்பி அனுப்புவது. அதில் குறுக்கே புகலாம் என்பதுதான் முன்னால் உள்ள சொல். இன்றைக்குத் தெருவில் நிற்பவருக்கு அது பெரும்பாலும் கைப்பேசியில் செருகிய சாதாரண இயர்போன். ஆனாலும் உள்ளே போகும் ஒலியின் இலக்கணம் அதேதான்.

ஒலிபரப்பு வரலாறு என்றால் நாம் எப்போதும் வெளியே போகும் ஒலியைப் பற்றித்தான் பேசுவோம். மார்க்கோனி, அலைவரிசை, கோபுரம், கோடிக்கணக்கான நேயர்கள். பேசுகிறவரின் காதுக்குத் திரும்பி வரும் ஒலிக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான பாதி.

எங்கள் பக்கம் இந்தக் கஷ்டத்தை மின்சாரம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தீர்த்துவைத்திருந்தார்கள். தெருக்கூத்தில் வேஷக்காரர் முன்னால் ஆடுவார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வேஷக்காரர் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் இவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ஒரு கிறுகிறுப்பு சுற்றலாம். அடி மறந்துபோனால் பின்னாலிருந்து முதல் சொல் வந்துவிடும். சுருதி நழுவினால் ஆர்மோனியம் இழுத்துப் பிடிக்கும். இதைப் பொறியியல் கண்ணால் பார்த்தால், நடிகருக்கு மூன்று அடி பின்னால் வைத்த ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், கூடவே குறுக்கிடும் வசதி. கட்டியக்காரன் இன்னொரு படி மேலே. அவன் களத்துக்குள்ளேயே நின்று ராஜாவையே மறித்துக் கேள்வி கேட்பான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இங்கே குறுக்கீடு மொத்தமும் பகிரங்கம். நடிகருக்கு அடி எடுத்துக் கொடுத்தது முன்வரிசைப் பாட்டிக்கும் கேட்கும்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது மைக்செட்.

களத்துக்கு நடுவே ஒரு மைக் தொங்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கம்பி இழுத்துத் தெருவின் இரண்டு முனையிலும் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். புளியமரம், மின்கம்பம், மாடி, எது கிடைத்தாலும் சரி. பக்கத்து ஊருக்கும் கேட்கணும் என்பதுதான் குறிக்கோள். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். எழுபது மீட்டர் தள்ளி மரத்தில் கட்டிய கூம்பிலிருந்து உங்கள் குரல் உங்களிடமே திரும்பி வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். 0.2 நொடி.

இந்த 0.2 ஒரு பொல்லாத எண். 1950இல் அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவரைப் பேசச் சொல்லி, அவர் குரலையே டேப்பில் பதிந்து கொஞ்சம் தாமதித்து அவர் காதிலேயே போட்டால் என்ன ஆகும்? நன்றாகப் பேசுகிறவர்களே திக்கினார்கள், எழுத்துகளை இரட்டித்தார்கள், குரலை உயர்த்தினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் சேர்ந்து சொன்னது, தாமதம் சுமார் 0.2 நொடியாக இருக்கும்போது தடுமாற்றம் உச்சம் என்பது. ஒரு அசை உச்சரிக்க நமக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அதுதான். மூளை 'இந்த அசையைச் சொல்லிவிட்டோமா இல்லையா' என்று குழம்பிவிடுகிறது. 2012இல் இரண்டு ஜப்பானியர்கள் இதையே ஒரு துப்பாக்கி மாதிரி கருவியாகச் செய்து, பேசுகிறவரை நோக்கி நீட்டி அவரை வாயடைக்க வைத்தார்கள். இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம்மூரில் அதைப் புளியமரத்தில் கட்டி வைத்திருந்தோம், யாரும் பரிசு கொடுக்கவில்லை.

பழைய பொதுக்கூட்டப் பேச்சாளர்கள் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே நிறுத்திப் பேசும் பாணி இருக்கிறதே, அதற்குத் தமிழின் அடுக்குமொழி மட்டும் காரணமில்லை, கூம்பும் ஒரு காரணம் என்பது என் ஊகம். எதிரொலி அடங்கும்வரை காத்திருந்தாக வேண்டும். காத்திருப்பு கைதட்டலுக்கான இடமாக மாறியது. ஊகம்தான், நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

மெட்ராஸில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15. இரண்டிலும் பேசுகிறவருக்கான தகவல் காதுக்கு வரவில்லை, கண்ணுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையசைவு, சிவப்பு விளக்கு. தொலைக்காட்சியில் ஃப்ளோர் மேனேஜர் என்றொருவர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பார். கன்ட்ரோல் ரூமில் சொல்வது அவர் காதில் விழும். அதை அவர் விரலாக மாற்றிக் காட்டுவார். விரலைச் சுழற்றினால் முடித்துக்கொள், இரண்டு கையையும் இழுத்தால் நீட்டு. அந்த மனிதர்தான் ஐஎஃப்பி கருவி. அவருக்கு மாட்டியிருந்த ஹெட்செட்டின் பின்னால்தான் நம் கம்பிக் கதையே இருக்கிறது.

அந்தக் கதை தொலைபேசியில் ஆரம்பிக்கிறது. இரண்டே இரண்டு கம்பியில் உங்கள் பேச்சு, எதிராளி பேச்சு, கருவிக்கான மின்சாரம் மூன்றும் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது உங்கள் குரலே உங்கள் ரிசீவரில் கேட்கும். இதற்கு சைட்டோன் என்று பெயர். அதிகமாகக் கேட்டால் ஆட்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள், எதிராளிக்குக் கேட்காது. சுத்தமாக இல்லையென்றால் லைன் செத்துப்போச்சு என்று நினைத்துக் கத்துவார்கள். ஆக, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சொந்தக் குரலைக் கழித்தார்கள். ஆனால் முழுக்கக் கழிக்காமல் ஒரு சிட்டிகை விட்டுவைத்தார்கள். 'கழித்தல்' என்ற இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1960களின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ. அவலான் பால்ரூம் என்ற அரங்கில் ராக் கச்சேரிகள். இசைச் சத்தத்தில் மேடைக்குப் பின்னால் நிற்பவருக்கும் விளக்கு போடுபவருக்கும் நடுவே ஒரு வார்த்தை பேச முடியாது. அங்கே ஒலி வேலை பார்த்த பாப் கோஹனும் சார்லி பட்டனும் 1968இல் இடுப்பில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார்கள். கிளியர்காம் நிறுவனம் அப்படிப் பிறந்தது. பெட்டிக்குப் பெயர் பெல்ட்பேக். தொலைபேசியின் அதே தந்திரம்தான்: எல்லோரும் ஒரே கம்பியில் தொங்குவார்கள், எல்லோரும் பேசலாம், எல்லோரும் கேட்கலாம். பார்ட்டி லைன் என்பார்கள். கம்பிக்கு 30 வோல்ட் மின்சாரம் ஒரே ஓர் இடத்திலிருந்து வரும். ஒரே ஓர் இடத்தில் 200 ஓம் மின்தடை ஒன்று இருக்கும், அதற்கு டெர்மினேஷன் என்று பெயர். அது இல்லையென்றால் கம்பி ஊளையிடும். தப்பித்தவறி இரண்டு இடத்தில் போட்டுவிட்டால் எல்லோர் குரலும் பாதியாகிவிடும். நெட்வொர்க் படித்தவர்களுக்குப் பழைய கோஆக்சியல் ஈத்தர்நெட் ஞாபகம் வரலாம்.

இப்போது செருகு முனைக்கு வருவோம். இதுவரை யாராவது மேயக் கிளம்பியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

மைக் கேபிளின் முனையில் மூன்று பின் உள்ள உருண்டையான உலோக முனை இருக்கும், கல்யாண மண்டபத்தில்கூடப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்எல்ஆர். லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் கேனன் தொடங்கிய கம்பெனி செய்தது. முதலில் எக்ஸ் வரிசை, பிறகு பூட்டிக்கொள்ளும் கொக்கி சேர்ந்தது, பிறகு ரப்பர் சேர்ந்தது. மூன்று எழுத்தும் அப்படி வந்தவை. உறுதி, மலிவு, எங்கும் கிடைக்கும். அதனாலேயே ஆளாளுக்கு அதை எடுத்துக்கொண்டு தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

மைக்கில் முதல் பின் கவசம். இரண்டில் குரல், மூன்றில் அதே குரல் தலைகீழாக. வாங்கும் பெட்டி இரண்டிலிருந்து மூன்றைக் கழிக்கும். தலைகீழைக் கழித்தால் குரல் இரட்டிக்கும். வழியில் ஒட்டிக்கொண்ட ஜெனரேட்டர் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் காணாமல் போகும். அழகான ஏற்பாடு.

கிளியர்காம் முனையில் இரண்டில் மின்சாரம், மூன்றில் குரல். 1970களில் வந்த ஆர்டிஎஸ் என்ற இன்னொரு மரபில் இரண்டில் மின்சாரமும் ஒரு குரல் வரிசையும் சேர்ந்து ஓடும், மூன்றில் இன்னொரு வரிசை. அவர்களுடைய ஐஎஃப்பியில் இரண்டில் மின்சாரமும் குறுக்கீட்டோடு கூடிய ஒலியும், மூன்றில் குறுக்கீடு இல்லாத நிகழ்ச்சி ஒலி. ஒரு காதில் டைரக்டர் வந்தாலும் மறு காதில் நிகழ்ச்சி தொடரட்டும் என்பதற்காக. ஆக, ஒரே முனை, நாலு பாஷை. செருகினால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், 'டக்' என்று பூட்டிக்கூடக் கொள்ளும். மென்பொருளில் இதை டைப் செக்கிங் இல்லாத மொழி என்போம். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போதுதான் தெரியும்.

லோக்கல் சேனல் ஒன்றில் வேலை பார்த்த நண்பர் ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு போன் செய்தார். கோயில் திருவிழா நேரலை. பழைய ஐஎஃப்பி பெட்டி ஒன்று வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. அதன் வெளியீட்டை வர்ணனையாளரின் ஹெட்போனுக்குக் கொடுப்பதற்காக ஒரு சின்ன மிக்ஸரில் நேராகச் செருகியிருக்கிறார்கள். "சார், நிகழ்ச்சி சத்தமே வரல. ஆனா டைரக்டர் பட்டன அமுக்கிப் பேசினா மட்டும் அவரு குரலோட சேர்ந்து நிகழ்ச்சியும் கேக்குது. அவரு நிறுத்தினா எல்லாம் நின்னுடுது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு."

பேய் இல்லை, கழித்தல். யாரும் குறுக்கிடாதபோது இரண்டாம் பின்னிலும் மூன்றாம் பின்னிலும் ஒரே நிகழ்ச்சி ஒலிதான் ஓடுகிறது. மிக்ஸர் தன்னிடம் வந்திருப்பது மைக் மாதிரியான இணை என்று நம்பி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. நிகழ்ச்சி கழித்தல் நிகழ்ச்சி, கிட்டத்தட்ட பூஜ்யம். டைரக்டர் வாயைத் திறந்த உடனே இரண்டாம் பின்னில் நிகழ்ச்சி அடங்கி அவர் குரல் வருகிறது. டைரக்டர் கழித்தல் நிகழ்ச்சி. ரெண்டும் கேட்கும். ஜெனரேட்டர் இரைச்சலை அழிக்கச் செய்த ஏற்பாடு, நிகழ்ச்சியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் பின்னையும் இரண்டாம் பின்னையும் மட்டும் எடுத்து, மின்சாரத்தைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டர், அதற்கப்புறம் ஒரு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் மறுபக்கத்தை மிக்ஸருக்குக் கொடுத்தால் தீர்ந்தது. தொழிலில் மின்சாரம் சேர்ந்து வருவதை 'ஈரம்' என்றும், வெறும் ஒலியை 'உலர்' என்றும் சொல்கிற வழக்கம் உண்டு. ஈரத்தைப் பிழிந்துவிட்டுத்தான் மிக்ஸருக்குக் கொடுக்கணும். பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கட்டிக்கொடுத்தாராம். சாமி புறப்பாடு வர்ணனையோடுதான் போனது.

கம்பி ஓர் ஊருக்குள் இருக்கும்வரை இவ்வளவுதான். செயற்கைக்கோள் வந்ததும் பழைய புளியமரம் திரும்பி வந்தது. புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒலி அங்கே ஏறி இறங்க மட்டும் சுமார் கால் நொடி. களத்தில் நிற்பவரின் குரல் அப்படி ஏறி இறங்கி ஒளிபரப்பாகி, அது மறுபடி அவர் காதுக்கு வந்தால், தாமதம் லீயின் பொல்லாத எண்ணைத் தொட்டுவிடும். டேப் தேவையில்லை, வானமே டேப். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் நாக்கு புரளும்.

அதனால்தான் அந்த இரண்டாவது சமாச்சாரம், இல்லாமை. ஒவ்வொருவருக்கும் அவர் குரலைக் கழித்த தனிக் கலவை. இதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பெயர். கூட்டல் ஒருமுறை போதும்: எல்லோர் குரலையும் கலந்து நேயர்களுக்கு அனுப்பிவிடலாம். கழித்தல் ஆளுக்கொன்று வேண்டும். வெளியிலிருந்து நாலு பேர் விவாதத்தில் கலந்துகொண்டால் நாலு தனித்தனிக் கலவை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குரல் குறைவு. 1993இல் சன் டிவி வந்து, பிறகு 24 மணி நேரச் செய்தி வந்து, இரவு ஒன்பது மணி விவாதம் நம் வீட்டுப் பழக்கமாகிப் போனதற்குப் பின்னால் இந்தச் சலிப்பான கழித்தல் இருக்கிறது. ஒரு கலவையை மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், சேலத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர் தன் குரலையே கேட்டுத் திக்கி, "எனக்கு எக்கோ அடிக்குதுங்க" என்பார். 2020இல் நாம் எல்லோருமே வீட்டுக்குள் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பழகினோம். ஜூம் போன்ற செயலிகள் இந்தக் கழித்தலை மென்பொருளில் செய்கின்றன.

செய்தியாளரின் அந்த ஒரு நொடி எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. கேள்வி இவரிடம் வர ஒரு தாமதம், இவர் பதில் திரும்பிப் போக இன்னொரு தாமதம். பார்க்கும் நமக்கு இரண்டும் கூட்டித் தெரிகிறது. இன்று செயற்கைக்கோள் வண்டிக்குப் பதிலாகப் பல சிம் கார்டுகளைச் சேர்த்து அனுப்பும் முதுகுப்பை வந்துவிட்டது. படத்தைச் சுருக்கி விரிக்க அதற்கும் நேரம் வேண்டும். கல்வராயன் மலையில் டவர் கிடைக்காத இடங்களில் அதுவும் கிடையாது, பதிவு செய்துகொண்டு கீழே இறங்க வேண்டியதுதான்.

கருணாபுரத்தில் என்னை உறுத்தியது தாமதமில்லை, மூன்றாவது சமாச்சாரம். குறுக்கீடு.

பார்ட்டி லைனில் எல்லோரும் பேசலாம். ஐஎஃப்பி வேறு. அதில் ஒரு பக்கம்தான் பேச முடியும். கன்ட்ரோல் ரூம் பொத்தானை அமுக்கி, "அந்தம்மாவக் கேளு", "இன்னும் கிட்டப் போ", "முடி முடி" என்று எதையும் சொல்லலாம். காதில் வாங்குகிறவர் மறுத்துப் பேச வேண்டுமென்றால் அவரிடம் இருப்பது ஒரே ஒரு மைக், அது ஊருக்கே போகிற மைக். "வேணாம் சார், இப்பத்தான் பாடி வந்திருக்கு" என்று அதில் சொல்ல முடியாது. எதிரே நிற்கும் பெண்ணுக்கோ காதில் எதுவுமே இல்லை. இந்த ஆள் ஏன் கேட்டதையே மறுபடி கேட்கிறார், ஏன் தன் பதிலுக்கு நடுவே கண்ணை வேறெங்கோ திருப்புகிறார் என்று அவருக்குத் தெரியாது. முன்னால் நிற்பவர் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பிப் பேசுகிறார். செய்தியாளர்களைத் திட்டி நிறைய எழுதியாகிவிட்டது. அதில் பாதியாவது, படத்தில் தெரியாத அந்தப் பொத்தானுக்குப் போய்ச் சேர வேண்டியது.

கூத்தில் பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தது சபைக்கே கேட்கும் என்று சொன்னேன். கட்டியக்காரன் யாரை மறித்தாலும் மறிக்கப்பட்டவர் அங்கேயே, எல்லோர் முன்னாலும், பதில் சொல்லலாம். ஃப்ளோர் மேனேஜரிடம்கூட ஒரு முகம் இருந்தது. அவர் விரலைச் சுழற்றும்போது செய்தி வாசிப்பவர் புருவத்தைச் சுருக்கினால் அது அவருக்குத் தெரியும், ஹெட்செட்டில் திரும்பச் சொல்வார். கம்பி நேராகக் காதுக்குப் போனபோது நடுவில் நின்ற அந்த மனிதரும் கழிக்கப்பட்டுவிட்டார். அந்த இடத்தை நிரப்ப, பேசுபவர் அழுத்தினால் மைக் வெளியே போகாமல் டைரக்டருக்கு மட்டும் போகும் பொத்தான் ஒன்று பெரிய விளையாட்டு வர்ணனை மேசைகளில் உண்டு. கிரிக்கெட் வர்ணனையாளருக்கு அது மேசையிலேயே இருக்கும். தெருவில் நிற்கும் செய்தியாளரிடம் இருப்பது கைப்பேசியும் கையில் பிடித்த மைக்கும்தான்.

ஒற்றைக் காதுக்கான ஐஎஃப்பி பெட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தால் வெளியே அதிகம் ஒன்றும் இருக்காது. இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி, இயர்போன் துளை, எக்ஸ்எல்ஆர் முனை, ஒலியளவுத் திருகு ஒன்று. திருகைக் குறைத்தால் டைரக்டரும் குறைவார், நிகழ்ச்சியும் குறையும். குறுக்கிடுகிறவரை மட்டும் குறைத்துக்கொள்ள அதில் திருகு கிடையாது.